ஈயம் எதற்கு?

அன்புள்ள அண்ணா,

எனக்குத் தொண்டிப் பக்கம். இப்போது வளைகுடா நாட்டில் ஒரு படகுத்துறையில் வேலை. கடல் தாண்டிப் போகும் பாய்மரப் படகுகளைக் கரையேற்றும்போது பார்த்தால் அடியில் டன் கணக்கில் ஈயம். மொத்த எடையில் பாதிக்குக் கிட்டே அதுதான் என்கிறார்கள். நம் ஊர் மீன்பிடிப் பாய்மரப் படகான வத்தையில் அப்படி எதுவும் இல்லாமலே பறக்கிறதே? இது வீண் சுமை இல்லையா? நம் கடலுக்கு இப்படியொரு படகு ஆகுமா?

தொண்டி வாசகர்

அன்புள்ள தம்பி,

வத்தையிலும் அந்த எடை இருக்கிறது. குறுக்கே நீட்டிய பலகையில் ஏறி உட்காரும் ஆட்கள்தான் அது. காற்று வலுத்தால் வெளியே நகர்கிறார்கள், தணிந்தால் உள்ளே வருகிறார்கள். வேண்டியபோது மட்டும் கனம். இத்தனை நுட்பமான ஏற்பாட்டை நம் ஆட்கள் கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய பெருமை உண்டு.

ஆனால் அதற்கு ஆள் வேண்டும், அவர்கள் விழித்திருக்க வேண்டும். நெடுங்கடல் படகில் ஒருவரோ இருவரோதான், அதுவும் வாரக்கணக்கில். தூங்காமல் முடியுமா? நடுராத்திரியில் காற்று திடீரென்று அடித்தால் பலகையில் ஏற யார் இருக்கிறார்கள்? அந்த வேலையைத்தான் ஈயம் செய்கிறது. அலை படகைப் புரட்டிப் போட்டாலும் அடிக்கனம் திரும்ப நிமிர்த்திவிடும். 1979இல் இங்கிலாந்துப் பக்கம் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தைப் புயல் தாக்கி, போட்டியிட்ட 15 பேர் இறந்தார்கள். அகலமான, எடை குறைந்த படகுகள் கவிழ்ந்தால் எளிதில் நிமிர்வதில்லை என்பதை அதற்குப் பிறகுதான் வடிவமைப்பாளர்கள் ஆழமாக ஆராய்ந்தார்கள்.

வேகத்துக்கு வருவோம். இந்த வகைப் படகின் வேகத்துக்கு வரம்பு கட்டுவது பெரும்பாலும் நீர்மட்டத்தில் அதன் நீளம். அந்த நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வேக வரம்பு நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) கிடைக்கும். 27 அடிக்கு 7 நாட், அதாவது மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர். படகு தானே கிளப்பும் அலையைத் தாண்ட முடியாததுதான் காரணம். எடையின் நஷ்டம் தெரிவது மெல்லிய காற்றில்தான். எடை குறைந்த படகும் பல மாதத் தண்ணீர், அரிசி, கருவி எல்லாம் ஏற்றினால் மெல்லிய காற்றில் தனக்கிருக்கும் அந்த வேகத்தை இழந்துவிடும். இந்தியக் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி 2023இல் கோல்டன் குளோப் என்ற படகுப் பந்தயத்தை இரண்டாவதாக முடித்தது ரஸ்ட்லர் 36 என்ற படகில். ஏழரை டன் கனம். அதில் தனியாளாக, ஏறக்குறைய எட்டு மாதம் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார்.

சரி, நம் கடலுக்கு? அந்தப் படகு ஐந்தரை அடி ஆழம் கேட்கும். தொண்டியில், தேவிபட்டினத்தில் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் நங்கூரம் போட முடியும். பாக் நீரிணைக்குத் தட்டையான அடியும் பக்கவாட்டில் இறக்கித் தூக்கும் பலகையும்தான் பொருத்தம். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா ஆழத்துக்குப் போனால் கதை வேறு.

இரண்டுக்கும் ஒரே படகு வேண்டுமென்றால் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏராவை மேலே இழுத்துக்கொள்ளும் வகை இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் எத்தனை பாகை வரை சாய்ந்தாலும் தானாக நிமிரும் என்று கேளுங்கள். 120க்குக் குறைவென்றால் அதில் அந்தமானுக்குக் கிளம்ப வேண்டாம்.