சிவப்பா, வெள்ளையா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் மறைசாட்சி தேவசகாயத்தையும் போலந்துக்காரரான மாக்ஸிமிலியன் கோல்பேயையும் சேர்த்துச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். “டீச்சர், தேவசகாயம் வேதத்தை விடமாட்டேன்னு சொன்னதுக்காகச் சுட்டாங்க. கோல்பேகிட்ட யாரும் வேதத்தை விடச் சொல்லலையே? இன்னொருத்தருக்குப் பதிலா செத்தவர் எப்படி மறைசாட்சி ஆவார்?” என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என்னோடு வகுப்பு எடுக்கும் அண்ணன் ஒருவர், “அவன் சொல்றது சரிதான். அவர் தியாகி, மறைசாட்சி இல்லை” என்று முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்ல?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்கள். அவன் கேட்ட கேள்விக்கு வத்திக்கானிலேயே முடிவு வர 11 வருஷம் ஆயிற்று.

நான் பூசைக்கு உதவும் பையனாக இருந்தபோது இதே கேள்வியை வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆகஸ்ட் 14, கோல்பே திருநாள், காலைப் பூசை. மறுநாள் மாதா விண்ணேற்பு, கூடவே சுதந்திர தினம் என்பதால் கோயில்பிள்ளைக்கு ஏகப்பட்ட வேலை. பூசை உடைகள் வைக்கும் மர இழுப்பறையைத் திறந்தால் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறும். அவர் வெள்ளை உடையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். சாமியார் வந்து பார்த்துவிட்டு, “இன்னைக்குச் சிவப்பு” என்றார். கோயில்பிள்ளை முகத்தில் சந்தேகம். “வேதசாட்சியா சாமி? யாரு கொன்னா?” சாமியார் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே, “அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன்” என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. புனிதர் திருநாள் என்றால் பொதுவாக வேதசாட்சிக்கு, அதாவது மறைசாட்சிக்குத்தான் சிவப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை. கோயில்பிள்ளை குழம்பியதில் தப்பில்லை.

கதையை நீங்கள் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். இருந்தாலும் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டும். 1941 ஜூலைக் கடைசி. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி தப்பிவிட்டான். அதற்குத் தண்டனையாக, அவன் இருந்த கொட்டடியிலிருந்து 10 பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல உத்தரவு. பொறுக்கி எடுத்தவர் துணைத் தளபதி கார்ல் ஃப்ரிட்ஸ்ச். எடுக்கப்பட்டவர்களில் ஒருவர் பிரான்சிஷெக் கயோவ்னிசெக், போலந்து ராணுவத்தில் சார்ஜெண்ட். “என் மனைவி, என் பிள்ளைகள்” என்று கதறினார். அப்போது வரிசையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். கைதி எண் 16670, பிரான்சிஸ்கன் துறவி, வயது 47. அவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். நீ யார் என்று கேட்டதற்கு, கத்தோலிக்கக் குரு என்றார். ஃப்ரிட்ஸ்ச் ஒத்துக்கொண்டார். ஏன் ஒத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத இடம். இருவரையும் சேர்த்தே அனுப்பியிருக்கலாம், கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

11ஆம் கட்டடத்தின் நிலவறை, 18ஆம் அறை. மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த ஒரு கைதி தினமும் அங்கே போய்வர வேண்டியிருந்தது. அவர் சொன்னதால்தான் உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது. ஜெபமும் பாட்டும் கேட்டனவாம். நாள் போகப் போகச் சத்தம் குறைந்தது. இரண்டு வாரம் கழித்தும் நாலு பேர் உயிரோடு இருந்தார்கள். அறை வேறு ஆட்களுக்குத் தேவைப்பட்டது. ஆகஸ்ட் 14 அன்று கார்பாலிக் அமில ஊசி. கோல்பே தானே கையை நீட்டினார். மறுநாள் உடலை எரித்தார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். கத்தோலிக்கச் சபையின் பழைய கணக்கு இது: கொல்கிறவன் விசுவாசத்தின்மேல் உள்ள வெறுப்பால் கொல்ல வேண்டும், சாகிறவர் விசுவாசத்துக்காக அதை ஏற்க வேண்டும். உங்கள் மாணவன் இதைத்தான் கேட்டான், படிக்காமலே. 1971இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கோல்பேயை அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) ஆக்கியபோது இந்தக் கணக்கைத் தாண்டவில்லை. மறைசாட்சி என்ற வரிசையில் சேர்க்காமல், நல்வாழ்வு வாழ்ந்த துறவி என்ற வரிசையில் வைத்தார். பிறகு இரண்டாம் யோவான் பவுல் வந்தார். அவர் போலந்துக்காரர், ஆஷ்விட்ஸ் அவர் வளர்ந்த ஊரிலிருந்து தூரமில்லை. அவர் கருத்துக் கேட்ட நிபுணர்கள் பழைய கணக்கையே சொன்னார்கள். 1982 அக்டோபர் 10 அன்று அவர் சிவப்பு உடையில் புனித பேதுரு சதுக்கத்துக்கு வந்து, இனி இவரை மறைசாட்சியாகவும் வணங்குங்கள் என்று அறிவித்தார். அதனால் கோல்பே மறைசாட்சி இல்லை என்று உங்கள் அண்ணன் சொன்னது இன்றைக்குச் செல்லாது. ஆனால் 1981இல் சொல்லியிருந்தால் ரோமில் பாதிப் பேர் அவர் பக்கம்.

எனக்குப் பழைய கணக்கில் உறுத்துவது ஒன்றுதான். செத்தவருக்கு என்ன மரியாதை என்பதைக் கொன்றவன் மனதில் என்ன இருந்தது என்று பார்த்தா தீர்மானிப்பது? எல் சால்வடோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவை 1980 மார்ச்சில் பூசை நடத்திக்கொண்டிருக்கும்போதே சுட்டார்கள். சுடச் சொன்னவர்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். அப்புறம் எப்படி விசுவாச வெறுப்பு ஆகும், இது அரசியல் கொலை என்று இழுத்தடித்தார்கள். மறைசாட்சி என்று ஏற்று அருளாளர் ஆக்க 2015 ஆயிற்று. ஏன், நம் தேவசகாயம் பிள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1752இல் காற்றாடிமலையில் சுட்டது அரண்மனைத் துரோகத்துக்காகத்தான், மதத்துக்காக அல்ல என்று வாதாடியவர்கள் இருக்கிறார்கள். கொல்கிறவன் எந்தக் காலத்திலும் உண்மையான காரணத்தை எழுதி வைத்துவிட்டுக் கொல்வதில்லை.

2017இல் பிரான்சிஸ் திருத்தந்தை புதிதாக ஒரு வழியைத் திறந்தார். பிறர் அன்புக்காகத் தன் விருப்பத்தோடு, சாவு நிச்சயம் என்று தெரிந்தே உயிரைக் கொடுத்தவர்களுக்கானது அது. மறைசாட்சி என்று நிரூபிக்க வேண்டாம், கொன்றவன் மனசைத் தோண்ட வேண்டாம். ஆனால் அருளாளர் ஆக ஒரு புதுமை, அதாவது அற்புதம், வேண்டும், மறைசாட்சிக்கு அது வேண்டியதில்லை. கோல்பே இன்று இறந்திருந்தால் இந்த வழியில்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன். ஹவாயின் மொலக்காய் தீவில் தொழுநோயாளிகளோடு 16 வருஷம் வாழ்ந்து அதே நோயில் 1889இல் இறந்த தமியான் சாமியார்? 2009இல் அவர் புனிதரானது பழைய, நீண்ட வழியில்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோல்பே பெரிய பத்திரிகைக்காரர். போலந்தின் நியெபொகாலானோவில் அவர் கட்டிய மடமே ஓர் அச்சகம்தான். அங்கிருந்து வந்த இதழ்களில் யூதர்களைப் பழிக்கும் கட்டுரைகள் வந்திருக்கின்றன, அவர் எழுத்திலும் அந்த வாடை உண்டு. போர் வந்தபோது அதே மடம் அகதிகளுக்குக் கதவைத் திறந்தது, அவர்களில் யூதர்கள் ஏராளம். இரண்டும் உண்மை. பையன்கள் வளர்ந்து இணையத்தில் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, டீச்சர் பொய் சொன்னார் என்று நினைப்பதைவிட நீங்களே சொல்லிவிடுவது மேல். ஏழாம் வகுப்புக்கு வேண்டாம். பத்தாம் வகுப்புக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பையனிடம் நீங்கள் சொல்ல மறந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நினைக்கிறேன். கயோவ்னிசெக். வகுப்புகளில் அவர் “காப்பாற்றப்பட்ட ஒருவர்” என்று ஒரு வரியில் போய்விடுகிறார். வரிசையில் நின்றபடி பேச முடியாது, கண்ணாலேயே நன்றி சொல்ல முடிந்தது என்று பின்னாளில் சொன்னார். எனக்காக ஒருவரைச் சாக விட்டுவிட்டேனே என்ற உறுத்தல் வெகுகாலம் அவரை விடவில்லை. போர் முடிந்து வீட்டுக்குப் போனார். மனைவி இருந்தார். பிள்ளைகள் இருவரும் இல்லை, 1945 தொடக்கத்தில் சோவியத் குண்டுவீச்சில் செத்துப்போயிருந்தார்கள். எந்தப் பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கதறினாரோ, அவர்கள்.

அதற்குப் பிறகும் அவர் 50 வருஷம் வாழ்ந்தார். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் அந்தச் சாமியாரின் கதையைச் சொன்னார். 1971இலும் ரோமுக்குப் போனார், 1982இலும் போனார். 1995 மார்ச்சில் இறந்தபோது வயது 93.

1982இல் சிவப்பு உடையோடு திருத்தந்தை வந்தபோது 80 வயது கயோவ்னிசெக் அங்கேதான் இருந்தார். பையனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அடுத்து அவன் என்ன கேட்டான் என்று எழுதுங்கள்.

அன்புடன்.