மொரிஸ் மைனர் ஹெடரில் டக் டக் சத்தம்

தம்பி, உங்கள் மொரிஸ் மைனர் காருக்குப் புது ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்கள்) பூட்டி, இடையில் கசியாமல் வைக்கிற கஸ்கட்டை இரண்டு தரம் மாற்றியும் டக் டக் சத்தம் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது புகை கசிகிற சத்தம், ஆனால் கஸ்கட்டில் பிழை இருக்காது. மைனர் 1000 எஞ்சினில் இன்லெட்டையும் (உள்ளே இழுக்கிற குழாய்) எக்ஸோஸ்டையும் (உங்கள் ஹெடர்) ஒரே தடித்த வாசர்தான் சேர்த்து அமத்திப் பிடிக்கிறது, ஹெடரின் விளிம்பு கொஞ்சம் மெலிந்தாலும் வாசர் சரிந்து அந்தப் பக்கம் பிடிக்காது. என்னுடைய காரில் நடு ஓட்டையைச் சுற்றிக் கரிக்கோடு விழுந்திருந்தது, கழற்றிப் பார்த்தால் வாசரின் ஒரு ஓரம் மட்டும் பளபளத்தது. இன்லெட், ஹெடர் இரண்டின் விளிம்பையும் வேர்ணியர் அளவுகோலால் அளந்து, தடித்த பக்கம் படுகிற இடத்தில் வாசரை அந்த வித்தியாசத்துக்கு அராவுங்கள், சுன்னாகத்தில் லேத்துக்காரரிடம் கொடுத்தாலும் சரி. தயவுசெய்து நட்டை இன்னும் இறுக்காதீர்கள், ஸ்டட் (நட்டு ஏறுகிற மரையாணி) முறிந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்ற வேண்டி வரலாம். அப்புறம் ஒரு ஓட்டம் ஓடி, எஞ்சின் நன்றாக ஆறினதும் எல்லா நட்டையும் திரும்ப ஒருக்கால் பாருங்கள்.