காற்று மறைவில் சேரும் பனி

அன்புள்ள ஐயா,

பிப்ரவரியில் நண்பர்கள் நால்வர் குல்மார்க் போகிறோம். பனிச்சறுக்கு ஓரளவு பழகியாயிற்று. இந்த முறை ரோந்துக் குழு பார்த்துக்கொள்ளும் எல்லையைத் தாண்டி, அபர்வாட் மலையில் இறங்க ஆசை. புதுப்பனி விழுந்த மறுநாள், காற்று மோதும் பக்கத்தை விட்டு மறுபக்கம் இறங்கினால் பனிச்சரிவு ஆபத்து குறைவுதானே?

கே., ஆரியங்காவு

அன்புள்ள கே.,

இல்லை, அங்கேதான் அதிகம். நீங்கள் ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று செங்கோட்டைக்காரனான எனக்குப் புரிகிறது. நம் கணவாயில் தென்மேற்குக் காற்று உங்கள் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு எங்களுக்குச் சாரலைத்தான் தரும். காற்று மோதும் பக்கம்தான் மோசம் என்று நமக்குச் சின்ன வயதிலேயே பதிந்துவிட்டது.

பனிமலையில் அந்தக் கணக்கு செல்லாது. விழுந்த பனியைக் காற்று மறுபடி அள்ளி, முகட்டைத் தாண்டியதும் போட்டுவிடும். சாரல் இல்லாத ஆடி நாளில் எங்கள் மேற்கு மதிலின் வெளிப்புறம் பெருக்கிவிட்டதுபோல் இருக்கும். சருகெல்லாம் உள்பக்கம் குவிந்து கிடக்கும். அதேதான். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்று பனியைக் குவிக்கும். ஊருக்குள் ஒரு அடி விழுந்தது என்ற செய்தியை வைத்து அந்தச் சரிவை எடைபோடாதீர்கள்.

அப்படிக் குவிந்த பனி பஞ்சுபோல் இருக்காது. உருண்டு, உடைந்து, பொடியாகி இறுகிவிடும். முறத்தில் உதிரியான புட்டு மாவைச் சாய்த்தால் பொலபொலவென்று சரியும். உள்ளங்கையால் அமுக்கிவிட்டுச் சாய்த்தால் கோடு விழுந்து பாளமாகப் பெயரும். சறுக்குபவர்களைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பாளம்தான். சறுக்குக் கட்டையின் முன்னால் விரிசல் ஓடினாலோ, காலடியில் 'வும்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ திரும்பிவிடுங்கள். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. அதற்கும் குறைவான சரிவு, தலைக்கு மேலே செங்குத்து இல்லாமல் இருந்தால், அன்றைக்குப் போதும்.

வானம் வெளுத்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். முகட்டில் வெள்ளைப் புகைபோல் பறக்கிறதா பாருங்கள். பறந்தால், மறைவுச் சரிவில் இன்னும் பாரம் ஏறிக்கொண்டிருக்கிறது. 2023 பிப்ரவரி 1 அன்று இதே அபர்வாட்டில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. நால்வரிடமும் புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸீவர் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வெட்டி இருக்கின்றனவா? புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. கீழேயிருந்து ஆள் வருவதற்குள் அந்த நேரம் போய்விடும், உடன் வந்தவர்தான் தோண்ட வேண்டும். ஒருவரிடம் இல்லாவிட்டாலும் சரி, இந்த முறை எல்லைக்குள்ளேயே சறுக்குங்கள். வந்ததும் எழுதுங்கள்.