டெல்நெட் வழி நூலகப் பட்டியலுக்கு இணைப்பு கொடுத்தால் ஒரு கணினியில் திறக்கிறது, இன்னொன்றில் திறப்பதில்லை. எப்படிச் சரிசெய்வது?

இணைப்பில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. கொழும்பில் ஒரு நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் வேலை செய்கிறேன். டெல்நெட் என்பது தொலைவிலுள்ள கணினிக்குள் எழுத்து வழியாக நுழையும் பழைய முறை. அப்படிக் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடுகிற வெளிநாட்டுப் பட்டியல்களைத் தேடி ஆய்வு மாணவர்கள் இன்னும் வருவதுண்டு. அழுத்தினால் தானாகத் திறக்கும் என்று நம்புவதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம்.

சிக்கல் தரநிலையிலேயே இருக்கிறது. டெல்நெட் முகவரியில் பயனர் பெயர், கடவுச்சொல், வழங்கி (போய்ச் சேர வேண்டிய கணினி), போர்ட் (அதன் வாசல் எண்) எல்லாம் எழுதலாம் என்று 1994 டிசம்பரில் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1738 சொல்கிறது. போர்ட் இல்லாவிட்டால் 23. ஆனால் அதே இடத்தில், பெயரும் கடவுச்சொல்லும் வெறும் ஆலோசனைதான், மென்பொருள் அவற்றை ஆளுக்குத் தெரிவிக்கும், அவ்வளவுதான் என்றும் இருக்கிறது. பிறகென்ன? ஒன்று பெயரைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கும், இன்னொன்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும், மற்றொன்று விழுங்கிவிட்டு உங்களை 'லாகின்' வரியில் நிறுத்திவிடும். ஐபிஎம் பெருங்கணினிகளுக்கான டெல்நெட் வகையான டிஎன்3270இன் கதை இன்னும் மோசம். 1994இல் 'டிஎன்3270' என்ற பெயரை அதற்கென ஒதுக்கி வைத்ததோடு சரி, அந்த முகவரியை எழுதும் இலக்கணம் 2011இல் ஆர்எஃப்சி 6270 ஆகத்தான் வந்தது.

போதாக்குறைக்கு, விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டெல்நெட் அணைத்தே வருகிறது. மேக்கில் 2017இன் ஹை சியராவோடு அது காணாமலே போய்விட்டது. புட்டி போன்ற டெல்நெட் மென்பொருள் ஒன்றை நிறுவாதவருக்கு உங்கள் இணைப்பு வெறும் எழுத்துதான்.

அதனால் முதலில் அந்த நூலகத்துக்கு இணையப் பட்டியல் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதற்கே இணைப்பைக் கொடுத்துவிட்டு வேலையை முடியுங்கள். இல்லையென்றால், இணைப்பில் வழங்கியின் பெயரும், 23 அல்லாவிட்டால் போர்ட்டும் மட்டும் போதும். பயனர் பெயரை எடுத்துவிடுங்கள். மிச்சத்தை இணைப்புக்குப் பக்கத்திலேயே, ஆள் வாசிக்கும்படி எழுதுங்கள். நாங்கள் இப்படிப் போடுகிறோம்: "லாகின் கேட்டால் 'லைப்ரரி' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும். டெர்மினல் வகை கேட்டால் விடி100. பேக்ஸ்பேஸ் அழிக்காவிட்டால் கன்ட்ரோல்-எச்." வெளியேறும் வழியையும் மறக்காமல் எழுதுங்கள், அங்கேதான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். கட்டளை வரி டெல்நெட் என்றால் கன்ட்ரோலோடு வலப்பக்கச் சதுர அடைப்பு, அப்புறம் 'குவிட்'. புட்டி என்றால் ஜன்னலை மூடினாலே போதும்.

தமிழ் நூல் தேடுபவர்களுக்கு இன்னொரு வரியும் வேண்டும். அமெரிக்க நூலகங்களின் ரோமன் எழுத்து முறையில் ச-வுக்கு எஸ் வராது, சி தான் வரும். 'சங்கம்' தேட சி, ஏ, என், கே, ஏ, எம் என்று அடிக்க வேண்டும். இது தெரியாமல் "அங்கே தமிழ்ப் புத்தகமே இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

தனிப்பட்ட கடவுச்சொல் கேட்கிற பட்டியல் என்றால் இணைப்பே கொடுக்காதீர்கள். சாதாரண டெல்நெட்டில் அடிப்பதெல்லாம் குறியாக்கம் இல்லாமல் அப்படியேதான் போகும்.