அப்பாவின் பழைய காரைக் கழுவ எனக்கு உரிமை இல்லையா?

கேள்வி: சென்னை ஆதம்பாக்கத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறேன். என் தந்தை 1970-இல் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் என்னிடம் இருக்கிறது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் தரைத்தளப் பார்க்கிங்கில், பொதுக் குழாயில் ஹோஸ் மாட்டி நானே காரைக் கழுவுவேன். வளாகத்துக்குள் யாரும் கார் கழுவக் கூடாது, மீறினால் 1,000 ரூபாய் அபராதம், தொடர்ந்தால் வீட்டுக்கான தண்ணீர் நிறுத்தப்படும் என்று சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டார். வேறு வழியின்றித் தெருவில் நிறுத்திக் கழுவினேன். எதிர்வீட்டுக்காரர் தன் கேட்டின் முன் தண்ணீர் தேங்குகிறது என்று போலீசுக்குப் போவதாகச் சொல்கிறார். கார் நிறுத்துமிடம் எனக்கு உண்டு என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. நான் வழக்குத் தொடரலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, தொடரலாம். ஆனால் இப்போது தொடர வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் செயலாளர் செய்தது முறையல்ல. அதேசமயம் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் சட்டம் உங்கள் பக்கமும் இல்லை.

முதலில் கார் நிற்கும் இடம். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால் அந்த இடம் உங்களுடையது ஆகிவிடாது. வீட்டு உரிமையாளரிடம் என்ன உரிமை இருக்கிறதோ, அதைத்தான் அவர் உங்களுக்குத் தர முடியும். தரைத்தளத் தூண்களுக்கு இடையிலான பார்க்கிங் பொதுப் பகுதியே, கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது என்று மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதி என்றே 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் வரையறுக்கிறது. உங்கள் உரிமையாளரின் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பத்திரங்களில் இருப்பது வண்டி நிறுத்தும் உரிமை மட்டுமே. அந்த உரிமைக்குள் பொதுக் குழாயில் ஹோஸ் மாட்டும் உரிமை தானாக வந்து சேராது. அது 24 குடும்பங்களின் குழாய்.

செயலாளர் தவறியது வேறு இடத்தில். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதற்குத் துணை விதிகள் உண்டு. அபராதம் விதிக்கும் அதிகாரம் அந்த விதிகளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முறைப்படி கூட்டிய பொதுக்குழு விதியைத் திருத்தி அதைக் கொண்டுவர வேண்டும். அப்போதும் யார் மீது குற்றச்சாட்டோ அவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்ட பிறகே வசூலிக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒருவர் தட்டிவிடும் செய்தி இதில் எதுவும் ஆகாது. பராமரிப்பு ரசீதில் அந்த 1,000 ரூபாயைச் சேர்த்து அனுப்பினால், பராமரிப்புத் தொகையை மட்டும் குறித்த தேதிக்குள் செலுத்திவிட்டு, அபராதத்தை எந்த விதியின் கீழ், எந்தத் தீர்மானத்தின்படி விதித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கோபத்தில் முழுத்தொகையையும் நிறுத்திவைக்காதீர்கள். அப்படிச் செய்தால் பாக்கிக்காரர் என்ற பெயர் உங்களுக்கு வரும். அதன்பின் உங்கள் நியாயத்தை யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

தண்ணீரை நிறுத்துவோம் என்ற மிரட்டலை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கார் கழுவியதற்காக ஒரு குடும்பத்தின் சமையலறைக் குழாயை அடைக்க எந்தச் செயலாளருக்கும் அதிகாரம் இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள, 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வீட்டு உரிமையாளரோ சொத்து மேலாளரோ தாமாகவோ பிறர் மூலமாகவோ வாடகைதாரருக்கான அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதை 20-ஆம் பிரிவில் தடை செய்கிறது. தண்ணீர் அதில் முதன்மையானது. நாங்கள் உங்கள் வீட்டு உரிமையாளர் அல்லவே என்று சங்கம் வாதிடக்கூடும். அப்படி வாதிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம். தண்ணீர் உண்மையிலேயே நிறுத்தப்பட்டால் அன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த நாளில் கைகொடுக்க உங்கள் வாடகை ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின்படி வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்யவில்லையென்றால் இந்த வாரமே அந்த வேலையை முடியுங்கள்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத பகுதி. ஹோஸைத் திறந்துவிட்டுக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாதாரணக் குழாயிலிருந்து நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும், இருபது நிமிடத்தில் 200 லிட்டர் போய்விடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, ஊரே குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றதை உங்கள் அண்டைவீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் டெல்லியில் ஹோஸில் கார் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் என்றார்கள். அந்த ஆணைகள் அந்தந்த ஊருக்கானவை. ஆனால் நிலத்தடியிலிருந்து எடுக்கும் குடிநீரை வீணாக்கக் கூடாது என்று மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020 அக்டோபர் 8 அன்று பிறப்பித்த ஆணை நாட்டுக்கே பொதுவானது. உங்கள் வளாகத்தின் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அது பொருந்தும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். காரின் பின்சக்கரத்துக்கு அருகில் தரையில் ஓர் இரும்புச் சல்லடை இருக்கிறது. சோப்பு நுரை அதை நோக்கித்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பல குடியிருப்புகளில் இப்படிப்பட்ட சல்லடை மழைநீர் சேகரிப்புக் குழிக்கே போய்ச் சேரும். உங்கள் வளாகத்திலும் அப்படித்தான் என்றால், ஷாம்புவும் எண்ணெய்ப் பிசுக்கும் எல்லோரும் குளிக்கும் கிணற்றுநீரில் போய்க் கலக்கின்றன. சங்கத்திடம் இருக்கும் மிக வலுவான வாதம் இதுதான். செயலாளருக்கு இன்னும் அது தோன்றவில்லை. அவர் அதை எழுப்பும் முன் நீங்களே சரிசெய்துவிடுவது நல்லது.

தெருவில் கழுவுவது இதைவிடப் பலவீனமான நிலை. தெரு மாநகராட்சியினுடையது; நமக்கு அதில் இருப்பது போய்வரும் உரிமை. பொதுவழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்தினால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இடையூறாக வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தனியாகவே தடுக்கிறது. எதிர்வீட்டுக்காரரின் கேட் முன் தண்ணீர் தேங்குவது அவருக்கு இழைக்கும் தொல்லை. அதில் நியாயம் அவர் பக்கம். நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிட்டு, தெருவில் கழுவுவதை நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் காரை எங்கே கழுவுவது? தண்ணீர்ச் சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வண்டலூரில் தயாரான அந்தக் காரின் முன்பக்கம் முழுவதும், சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டுகளோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். அதன் மடிப்புகளிலும் கதவுகளின் அடிப்பகுதியிலும் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே தங்கி, கடற்காற்று வீசும் இந்த ஊரில் சீக்கிரமே துருப்பிடிக்கும். இரண்டு வாளித் தண்ணீரும் நல்ல துணியும் போதும். வாளிகளை உங்கள் வீட்டுக் குழாயிலேயே நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். ஆழ்துளைத் தண்ணீர் காய்ந்தால் பெயிண்டில் வெள்ளைத் திட்டு விழும். கடைசித் துடைப்புக்கு ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், அதில் உப்பு மிகக் குறைவு.

இதை அப்படியே சங்கத்துக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள்: வாரம் ஒருமுறை, காலை ஏழு மணிக்குள், இரண்டு வாளி, ஹோஸ் இல்லை, சல்லடைப் பக்கம் சோப்புநீர் போகாது, முடித்ததும் தரையைத் துடைத்துவிடுவேன். வாடகைதாரர் என்பதால் பொதுக்குழுவில் உங்களுக்கு வாக்கு இருக்காது. ஆகவே வீட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கி அவர் வழியாகவே கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும் வாங்குங்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரு விதியாகத் தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள். பொதுக்குழு முறைப்படி கூடி, கழுவவே கூடாது என்று முடிவெடுத்தால் அதற்கு நீங்கள் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அந்நிலையில் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். அதை எவரும் தடுக்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. ஆர்.சி. புத்தகம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினைகளில் மிகப் பெரியது அதுதான். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான மோட்டார் பாலிசியும் உரிமையாளர் இறந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, எது முந்தியதோ அதுவரைதான் வாரிசுக்குப் பயன்படும். அந்தக் கெடு கடந்துவிட்டது. காப்பீடு இல்லாமல் வண்டியைத் தெருவுக்கு எடுத்தால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். அது சிறிய விஷயம். வண்டி யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தாயாரும் தங்கையும் தரும் ஆட்சேபமின்மைக் கடிதம் ஆகியவற்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பதிவைப் புதுப்பிக்கும் தேதி கடந்திருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். 15 ஆண்டு கடந்த கார்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு இருக்கிறது. ஆனால் அதில் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே எடுக்கலாம். வாரம் ஒருமுறை அம்மாவைக் கோயிலுக்கு அதில் அழைத்துச் செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சாதாரணப் பதிவிலேயே இருங்கள். பெயர் மாறி, புதிய பாலிசி கைக்கு வரும்வரை காரைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம்.