நீலம் ஏறினால் பழுத்ததாகிவிடுமா?

கேள்வி: கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் வசிக்கிறோம். குளிர் நாடுகளில் வளர்ந்து நீலநிறச் சிறு பழம் தரும் ஹனிபெர்ரிச் செடியில் டன்ட்ரா, பொரியாலிஸ் என்ற இரண்டு ரகங்களை வீட்டுத் தோட்டத்தில் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பூ நிறைய வந்தும் காய் பிடிப்பது குறைவு. பிடித்தவையும், நன்றாக நீலமான பிறகு பறித்தாலும், பல் கூசும்படி புளிக்கின்றன. உறைபனிதான் காரணமா?

பதில்: உறைபனியின் மேல் பழி போட வேண்டாம். மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் குளிரைக்கூட இதன் பூ தாங்கிவிடும். ஹனிபெர்ரி தன் மகரந்தத்தால் தானே நன்றாகக் காய்ப்பதில்லை; பக்கத்தில் வேறு ரகம் ஒன்று வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் இரண்டும் உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமான சாஸ்கச்சுவான் பல்கலைக்கழகம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரகங்கள்தாம். ஆனால் அவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு என்பதால், இரண்டு செடிகள் இருந்தும் ஒன்றே இருப்பது போன்ற நிலைதான். அரோரா அல்லது ஹனிபீ ரகத்தில் ஒரு செடியை அருகில் நட்டுவிடுங்கள். குளிர் விலகாத நாள்களிலும் வேலை செய்யும், உடல் பருத்த பம்பிள் தேனீக்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். வெளிர்மஞ்சள் பூக்கள் இரண்டிரண்டாகத் தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த இரண்டு பூக்களும் சேர்ந்துதான் ஒரே பழமாகின்றன.

புளிப்புக்குக் காரணம் அவசரம். இந்தப் பழத்தின் தோல் முதலில் நீலமாகிவிடும், உள்ளே பச்சை போவதற்கு மேலும் இரண்டு, மூன்று வாரங்கள் பிடிக்கும். நிறத்தைப் பார்த்துப் பறிக்கும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. இங்கே அது செல்லாது. செடியின் வெவ்வேறு கிளைகளிலிருந்து நாலைந்து பழங்களைப் பறித்துக் கத்தியால் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். சதை பச்சையாகத் தெரிந்தால் கூடையை எடுத்து வைத்துவிடலாம். நடுப்பகுதி வரை கருஞ்சிவப்போ ஊதாவோ ஏறியிருந்தால் மட்டுமே அறுவடை. அப்போதும் தேன்போல் இனிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயரில் ‘ஹனி’ (தேன்) இருப்பது, ஹனிசக்கிள் என்ற பூச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால்தான். பழத்தின் இயல்பு புளிப்பு கலந்த இனிப்புதான். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், அங்குள்ள பழங்குடிகளான ஐனு மக்களின் சொல்லையொட்டி இதை ஹாஸ்கப் என்கிறார்கள். வீண் ஆசை காட்டாத அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கிறது.

கேள்வி: பழம் மிக மென்மையாக இருப்பதால் பறிக்கும்போதே நசுங்குகிறது, மிச்சத்தைப் பறவைகள் தின்றுவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டியதில்லை. செடியின் அடியில் துணியை விரித்தோ, குடையைத் தலைகீழாக விரித்து வைத்தோ கிளையை லேசாக உலுக்கினால் பழுத்தவை உதிரும். இலைகளை ஊதிப் போக்கிவிடலாம். வெயில் ஏறுவதற்கு முன் பறித்து, ஆழமில்லாத தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, உடனே குளிர்ச்சியில் வைப்பது நல்லது. வைத்துப் பயன்படுத்த உறைய வைப்பதே சிறந்த வழி. தோல் மிக மெல்லியது என்பதால் உறைந்த பழம் நாவில் அப்படியே கரைந்துவிடும். பறவைகளுக்கு வலையைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் பூக்கும்போதே வலை போட்டுத் தேனீக்களைத் தடுத்துவிடாமல், பூ உதிர்ந்து காய் நிறம் மாறத் தொடங்கும்போது போடுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் அரை ஏக்கரில் ஹனிபெர்ரி பயிரிட விரும்புகிறேன். வருமா?

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர்காலத்தை உறங்கிக் கழித்து, வசந்தத்தில் விழிக்கும் செடி இது. கொடைக்கானலில் சில இரவுகள் விழும் உறைபனி அந்த நீண்ட உறக்கத்துக்கு ஈடாகாது. குளிர்காலம் மிதமான இடங்களில் இது காலம் தவறி விழித்துப் பூத்துவிடுகிறது. ஆசை விடவில்லை என்றால், வெவ்வேறு ரகத்தில் இரண்டே செடிகளைத் தொட்டியில் வைத்து மூன்று ஆண்டுகள் பாருங்கள். அரை ஏக்கர் நிலத்தில் அதுவரை பேரியோ பிளம்ஸோ இருக்கட்டும்.