சிபிடி விளம்பரமும் அமெரிக்கச் சட்டமும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் சிபிடி (கஞ்சா இனச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத ஒரு வேதிப்பொருள்) கலந்த பொருட்களை விற்போர் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, 2018-லேயே ஹெம்ப் எனும் போதை குறைந்த கஞ்சா வகை சட்டபூர்வமாகிவிட்டதே, விளம்பரத்துக்கு இன்னும் என்ன தடை?

பதில்: உலர் எடையில், போதை தரும் பொருளான டெல்டா-9 டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டாத ஹெம்ப்பைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கிய அந்த வேளாண் சட்டம், உணவு, மருந்து, அழகுப்பொருள் ஆகியவற்றின் மீது எஃப்டிஏ எனும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு இருந்த அதிகாரத்தைச் சிறிதும் குறைக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில், சிபிடியையே மூலப்பொருளாகக் கொண்ட எபிடியோலெக்ஸ் என்ற வலிப்பு மருந்துக்கு எஃப்டிஏ அனுமதி வழங்கியது. மருந்தாக அனுமதி பெற்ற ஒன்றை ஊட்டச்சத்துப் பொருளாக விற்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. போதாததற்கு, 2025 நவம்பரில் கையெழுத்தான சட்டம், ஓராண்டு அவகாசம் தந்து, ஒரு கொள்கலனுக்கு மொத்த டிஎச்சி 0.4 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. ஆகவே 2018-ஐ மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு தொழில் செய்யாதீர்கள்.

கேள்வி: 'இக்கூற்றை எஃப்டிஏ மதிப்பிடவில்லை' என்று அடியில் எழுதிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்த வாசகம் ஊட்டச்சத்துப் பொருட்களுக்காக 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அங்கும்கூட நோயைக் குணமாக்கும் என்ற வாக்குறுதியை அது காப்பாற்றாது.

கேள்வி: நான் எதையும் மிகைப்படுத்துவதில்லை. வாடிக்கையாளர்கள் எழுதியதை அப்படியே வெளியிடுகிறேன். அதில் என்ன தவறு?

பதில்: நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். பொருள் விவரத்தில் '500 மில்லிகிராம் சிபிடி, தேங்காய் எண்ணெய்' என்பதைத் தவிர எதுவும் இல்லை. அதன் கீழே, பெரிய எழுத்தில், 'மூட்டுவாதம் போயே போய்விட்டது' என்ற ஒருவரின் பாராட்டு நிற்கிறது. வந்த கருத்துகளிலிருந்து அதைப் பொறுக்கி எடுத்து அந்த இடத்தில் வைத்தது நீங்கள்தான் என்பதால் அது உங்கள் கூற்றாகிவிடுகிறது. அந்தப் பாராட்டால் உங்கள் எண்ணெய் சட்டத்தின் பார்வையில் அனுமதி பெறாத மருந்தாகிவிடுகிறது.

கேள்வி: அதே நபர்தான் மீண்டும் எழுதுகிறேன். அவர் சொன்னது உண்மை. அதை மறைப்பதுதானே பொய்?

பதில்: அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு வலி குறைந்தது என்பது அவருடைய அனுபவம். இந்த எண்ணெய் வலியைக் குறைக்கும் என்பது அறிவியல் கூற்று. பின்னதற்கு, பொதுவாக மனிதர்களிடம் நடத்திய கட்டுப்பாட்டுச் சோதனைகளை, விளம்பரங்களைக் கண்காணிக்கும் கூட்டாட்சி வணிக ஆணையமான எஃப்டிசி ஆதாரமாகக் கேட்கிறது. புற்றுநோய், இதயநோய் போன்றவற்றுக்கு ஆதாரமின்றி வாக்குறுதி தந்ததாக 2020 டிசம்பரில் ஆறு சிபிடி விற்பனையாளர்கள் மீது அது நடவடிக்கை எடுத்தது. 'நான் எழுதவில்லை, விருப்பக்குறிதான் போட்டேன்' என்று இன்னொருவர் இதில் குறுக்கிட்டிருக்கிறார். வேறொரு பொருள் தொடர்பான 2012-ஆம் ஆண்டு எச்சரிக்கைக் கடிதத்தில், நிறுவனம் ஃபேஸ்புக் பதிவுக்குப் போட்ட லைக்கையே எஃப்டிஏ சுட்டிக்காட்டியிருக்கிறது. படத்தின் கீழே இடும் ஹேஷ்டேகில் நோயின் பெயர் இருந்தாலும் இதே கதைதான்.

கேள்வி: இலவசமாகப் புட்டி பெற்ற ஒருவர் காணொளி வெளியிடுகிறார். இலவசமாகப் பெற்றதை அதில் சொல்ல வேண்டுமா?

பதில்: இலவசமாகப் பெற்றதை அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்; சொல்கிறாரா என்று பார்ப்பது உங்கள் கடமை.

கேள்வி: ஆய்வகச் சான்றிதழை இணைத்திருக்கிறேன். அது போதுமல்லவா?

பதில்: எந்தத் தொகுதிக்கான, அதாவது எந்தத் தயாரிப்புத் தவணைக்கான, சான்றிதழ்? இதை நான் எல்லோரிடமும் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், 26 பொருட்களின் லேபிள் மட்டுமே சரியாக இருந்தது. 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. புட்டியில் உள்ள தொகுதி எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், நீங்கள் காட்டுவது வேறொரு புட்டியின் சான்றிதழ்.

கேள்வி: பொறுப்புத்துறப்பு வாசகத்தைத் தடித்த எழுத்தில் போட்டால்?

பதில்: எழுத்தின் அளவு எதையும் மாற்றாது. இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவுக்கும் அனுப்ப விரும்புகிறேன்.

பதில்: அங்கே உண்ணும் சிபிடி 'புதுவகை உணவு' விதிகளின் கீழ் வருகிறது, முன் அனுமதி வேண்டும். நீங்கள் அனுப்பும் நாட்டின் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: 'என் அம்மாவின் வலிப்புக்கு எத்தனை சொட்டு கொடுக்கலாம்?' என்று ஒரு வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். என்ன சொல்ல?

பதில்: எண்ணிக்கை சொல்லாதீர்கள். குளோபசாம் போன்ற வலிப்பு மருந்துகளோடு சிபிடி வினைபுரியும், கல்லீரலையும் பாதிக்கக்கூடும். தனிச்செய்தி என்றாலும் அது விற்பவரின் கூற்றுதான். அந்த அம்மாவின் மருத்துவரிடம் கேட்கச் சொல்லி, உட்பொருள் பட்டியலையும் அந்தத் தொகுதியின் சான்றிதழையும் மட்டும் அனுப்பிவையுங்கள்.